இரண்டு ஐஸ்பெட்டிகளின் ஏகபோகம்

பாண்டிமுருகனிடம் இருந்தவை இரண்டு ஐஸ்பெட்டிகளும் ஒரு பழைய வண்டியும்தான். இவற்றை வைத்துக்கொண்டு அவன் காரைக்குடி வட்டாரத்தையே காலில் போட்டு மிதித்துக்கொண்டிருக்கிறான் என்பது, போட்டி வளர்ப்பு வாரியத்திலிருந்து ஆள் வந்து சொல்லும்வரை அவனுக்குத் தெரியாது. அதுவரை அவன் தன்னை, கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்கார்ந்தால் நாலு பேர் முகம் சுளிக்கும் சாவுத் தொழில்காரன் என்றுதான் நினைத்திருந்தான்.

தொழில் பெரிய கம்பசூத்திரம் ஒன்றுமில்லை. யாராவது இறந்தால், சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் பிள்ளைகள் வந்து முகம் பார்க்கும்வரை உடலைக் கெடாமல் வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பெட்டியைத் தூக்குவது, கரண்ட் கொடுப்பது எல்லாம் பாண்டிமுருகன். இறந்தது பெண் என்றால் உள்ளே போய்ச் சேலை மாற்றி, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி, மூக்கில் பஞ்சு வைப்பது அவன் மனைவி காளீஸ்வரி. கேத வீட்டில் வாடகை பேசுவது அசிங்கம் என்பதால் யாரும் பேசியதில்லை. கருமாதி முடிந்ததும் வெற்றிலை பாக்கோடு கொடுத்தனுப்புவார்கள். இருக்கிறவர்கள் கூடுதலாக வைப்பார்கள், இல்லாதவர்கள் வெற்றிலையோடு நிறுத்திக்கொள்வார்கள். வீட்டில் மூன்றாவது ஆள், பாண்டிமுருகனின் தகப்பனார் மாயக்கண்ணன். சர்க்கரை வியாதிக்காரர். மருமகள் காய்ச்சும் கேப்பைக் கஞ்சியைத் தவிர உலகத்தில் எல்லாவற்றையும் திட்டுவார்.

இப்படி ஒரு அக்கிரமம் நடந்துகொண்டிருந்த காலத்தில்தான், எந்தத் தொழிலிலும் ஒருவரே கோலோச்சாமல் பார்த்துக்கொள்ளும் அந்த வாரியத்தின் மண்டல அலுவலகம் நேமத்தான்பட்டியில் ஒரு செட்டியார் வீட்டை வாடகைக்கு எடுத்துத் திறக்கப்பட்டது. பர்மா தேக்குத் தூண்களுக்கு நடுவே ஏ.சி. பொருத்தினார்கள். மண்டல ஆணையராக ஆதித்தன் வந்து இறங்கினார். பொருளாதார ஆலோசகராக ரோகிணி வந்தார். லண்டனில் படித்தவர். சந்தை என்ற சொல்லைக் கேட்டால் அவருக்குக் கண் கலங்கும், ஆனால் காரைக்குடி திங்கட்கிழமைச் சந்தைக்குள் அவர் கால் வைத்ததில்லை.

ஆண்டு முடியப் போகிறது, வழக்கு ஒன்றும் சிக்கவில்லை. வழக்கே இல்லை என்று சொல்ல முடியாது. சிமென்ட் கம்பெனிகள் எல்லாம் ஒரே நாள் காலையில் ஒரே அளவு விலை ஏற்றியதாக ஒரு புகார் வந்தது. அது தற்செயல் என்று விளக்குவதற்கு ஒரு வேன் நிறைய வழக்கறிஞர்கள் வந்தார்கள். ஆணையர் அவர்களுக்கு இளநீர் கொடுத்து அனுப்பினார். கேபிள் டிவிக்காரர் மேல் இன்னொரு புகார் வந்தது. அவர் ஓர் அமைச்சருக்கு மைத்துனர் முறை என்று தெரிந்ததும், உறவுமுறைகளுக்குள் வாரியம் தலையிடாது என்று கோப்பை மூடினார்கள்.

அந்த நேரம் பார்த்து அலுவலக வீட்டின் பழைய காவல்காரர் இறந்துபோனார். பாண்டிமுருகன் பெட்டியோடு வந்தான். போகும்போது மரியாதைக்கு ரோகிணியிடம் விசிட்டிங் கார்டு ஒன்றைக் கொடுத்தான். அதில் அவன் பெயருக்குக் கீழே, தகப்பனார் பிடிவாதமாக அச்சடிக்க வைத்த வாசகம் இருந்தது: ‘இந்த வட்டாரத்தில் எங்களை விட்டால் வேறு ஆள் இல்லை.’

நம் ஊரில் புரோட்டாக் கடைக்காரன்கூட இப்படித்தான் அச்சடிப்பான். ரோகிணிக்கு அது தெரியாது. அட்டையை அவர் இரண்டு முறை படித்தார். ஏகபோகம் நடத்துகிறவன் தானாக வந்து, தங்க நிற எழுத்தில், போன் நம்பரோடு வாக்குமூலம் கொடுத்துவிட்டுப் போவது உலகச் சரித்திரத்திலேயே முதல் முறை என்று அவர் ஆணையரிடம் ஓடினார்.

விசாரணைக்கு வரச் சொல்லி ஆள் வந்தபோது மாயக்கண்ணன் கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி சொன்னார், “போயிட்டு வாடா. நம்ம தொழிலப் பாராட்டி எதாச்சும் லோன் குடுப்பாக.”

பாண்டிமுருகன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, காளீஸ்வரியையும் கூட்டிக்கொண்டு போனான். சாட்சிக்காகக் கூப்பிட்டிருந்த அன்வர் சாதிக்கும் கூட வந்தார். பெட்டிக்குக் கம்ப்ரசர் பார்க்கும் மெக்கானிக் அவர். அவரும் பாண்டிமுருகனும் சின்ன வயதிலிருந்து மாமன் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

“முதலில் சந்தை எது என்று வரையறுக்க வேண்டும்” என்று ரோகிணி தொடங்கினார். “பெட்டியின் வாடகை நூற்றுக்கு ஐந்து உயர்ந்தால் உங்கள் நுகர்வோர் என்ன செய்வார்?”

“யாரு மேடம்?”

“நுகர்வோர். பெட்டியைப் பயன்படுத்துபவர்.”

“அவுக படுத்துருப்பாக.”

“விலை கூடிவிட்டதே என்று வேறு மாற்றுக்குப் போக மாட்டாரா?”

“அதுக்கு மேல போறதுக்கு எடம் இல்லைங்க மேடம்.”

ரோகிணி எழுதிக்கொண்டார். நுகர்வோர் முழுமையாகச் சிக்கியிருக்கிறார், எவ்வளவு விலை ஏற்றினாலும் எதிர்ப்புக் காட்டுவதில்லை. உயிரோடு இருப்பதை ஒரு மாற்றாகக் கொள்ளலாமா என்று அவரும் ஆணையரும் கொஞ்ச நேரம் குசுகுசுத்தார்கள். ஒருமுறை இந்தச் சந்தைக்குள் நுழைந்தவர் யாரும் அதற்குத் திரும்பியதாகத் தரவு இல்லை என்பதால் அதைத் தள்ளுபடி செய்தார்கள்.

அடுத்து அன்வர் சாதிக்கைக் கேட்டார்கள். “உங்கள் வீட்டில் மரணம் நேர்ந்தால் நீங்கள் ஏன் பாண்டிமுருகனிடம் பெட்டி எடுப்பதில்லை? தர மறுக்கிறாரா?”

“நாங்க அன்னைக்கே அடக்கம் பண்ணிருவோம் மேடம். மத்தியானம் லுஹருக்கு மௌத்தானா சாயங்காலம் அசருக்குத் தூக்கிருவோம். ஐஸ் எதுக்கு?”

“கவனியுங்கள் சார்” என்று ரோகிணி ஆணையர் பக்கம் திரும்பினார். “விலைக்குப் பயந்து ஒரு சமூகமே சந்தையை விட்டு வெளியேறியிருக்கிறது.”

அன்வர் சாதிக் என்னவோ சொல்ல வாயெடுத்தார். சாட்சியம் முடிந்துவிட்டது என்று உட்காரவைத்தார்கள்.

“பேருந்து நிலையத்தில் இறந்துகிடந்த ஒருவருக்கு நீங்கள் இலவசமாகப் பெட்டி கொடுத்ததாகத் தகவல்” என்றார் ஆணையர். பாண்டிமுருகனுக்கு முகம் மலர்ந்தது. இதற்காகத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்தான்.

“ஆமாங்க ஐயா. அநாதப் பொணம். சொந்தக்காரவுக யாராச்சும் தேடி வருவாகளான்னு நாங்கதேன் வச்சுருந்து அடக்கம் பண்ணுனோம். இவதேன் பக்கத்துல உக்காந்து அழுதா.”

“ஆக, ஒப்புக்கொள்கிறீர்கள். அடக்க விலைக்கும் கீழே கொடுத்துப் போட்டியை நசுக்கியிருக்கிறீர்கள். அந்த அநாதையை நம்பித் தொழில் தொடங்க நினைத்திருந்த ஓர் இளம் தொழில்முனைவோரின் கதி என்ன?”

“அப்புடி யாரும் இல்லைங்களே ஐயா.”

“ஏன் இல்லை? இத்தனை ஆண்டுகளில் ஏன் ஒருவர்கூட இத்தொழிலுக்கு வரவில்லை? நுழைவுத் தடை என்ன?”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் பாண்டிமுருகனுக்கு இணை கிடையாது. “பொண்ணு குடுக்க மாட்டாகய்யா. பொணத்தத் தொடுறவனுக்கு எவ கழுத்த நீட்டுவா? எனக்கே இவ ஒருத்திதேன் சம்மதிச்சா” என்றான்.

ஆணையர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ரோகிணியின் கண்கள் கலங்கின. அவர் எழுதிவைத்திருந்த நாற்பது பக்க அறிக்கையில் தேடியும் கிடைக்காதது ஒரே வரியில் கிடைத்துவிட்டது. ஆணையர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார்.

“இந்த வட்டாரத்தில் இத்தொழிலுக்கு இன்றியமையாத மூலப்பொருள் ஒன்றே ஒன்றுதான். சம்மதிக்கிற மனைவி. அந்த ஒரே மனைவியை இவர் பிரத்தியேக ஒப்பந்தத்தில் கட்டிவைத்திருக்கிறார். ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதி கிடையாது, இடையில் விலக விதி கிடையாது, போட்டியாளர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் ஏற்பாடும் கிடையாது. என் பணிக்காலத்தில் இதைவிடக் கொடிய சந்தை முடக்கத்தை நான் கண்டதில்லை.”

பின்னால் உட்கார்ந்திருந்த காளீஸ்வரி கணவன் காதருகே குனிந்தாள். “ஏங்க, என்ன சொல்றாக?”

“நம்ம கல்யாணம் செல்லாதுங்கிறாரு போல.”

ரோகிணி காதில் அது விழுந்துவிட்டது. “தவறாகப் புரிந்துகொள்ளாதீர்கள். கல்யாணம் செல்லும். அதன் பொருளாதார விளைவுகள்தான் செல்லாது” என்று அன்பாகவே விளக்கினார்.

உத்தரவு வந்தது. நிறுவனம் இரண்டாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு பெட்டியும் பழைய வண்டியும் பாண்டிமுருகனுக்கு, ஒரு பெட்டியும் ஒரு வாடகை வண்டியும் காளீஸ்வரிக்கு. ஒரே கூரையின் கீழ் இருந்தால் தூக்கத்தில்கூடத் தகவல் பரிமாற்றம் நடக்கும் என்பதால் தனித்தனி வீடு. பேச்சுவார்த்தை கூடாது. சந்தை முதிர்ந்துவிட்டது என்று வாரியம் திருப்தியடையும் நாளில் தடை விலக்கப்படும். மேற்பார்வைக்கு முத்துராமன் என்ற அலுவலர். எல்லா அலுவலகத்திலும் நகத்தைக் கடித்துக்கொண்டு ஒருவர் இருப்பாரே, அவர்தான்.

காளீஸ்வரி கழனிவாசலில் ஒரு மாடி அறைக்குப் போனாள். போகிற அன்று மாமனார் காலைத் தொட்டாள். “மாமா, ரெண்டே மாசத்துல வந்துருவேன். மாத்திரைய மறந்துறாதீக” என்றாள். மாயக்கண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு, “ஆத்தா, எனக்குக் கஞ்சி யாரு காய்ச்சுவா?” என்று மட்டும் கேட்டார்.

பாண்டிமுருகனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வாரியம் வயிறு நிறையும் அளவுக்குப் போட்டி போட்டுக் காட்டிவிட்டு, பெண்டாட்டியை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட வேண்டும். அது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை என்று நினைத்தான்.

முதலில் வாடகை என்று ஒன்றைச் சொல்லியாக வேண்டும் என்றார்கள். இருபது வருடம் ஒரே தட்டில் சாப்பிட்ட பழக்கம், இருவரும் தனித்தனியே யோசித்துச் சொன்ன வாடகை ஒன்றாகவே இருந்தது. இரகசியக் கூட்டு என்று முத்துராமன் அறிக்கை எழுதினார். மறுவாரம் அவன் குறைத்தான், அவளும் அதே அளவு குறைத்தாள். அதுவும் கூட்டு. இருவரும் ஒரே காலையில் சாளை மீன் வாங்கியிருந்தார்கள் என்பதும் அறிக்கையில் சேர்ந்தது. மீனில் ஒத்துப்போகிறவர்கள் வாடகையில் ஒத்துப்போகாமல் இருப்பார்களா என்று ரோகிணி கேட்டார்.

இதற்கிடையில் காளீஸ்வரி மனம் பொறுக்காமல் அன்வர் சாதிக் கையில் மாமனாருக்கு ஒரு தூக்குச்சட்டியில் கஞ்சியும் கருவாட்டுக் குழம்பும் கொடுத்துவிட்டாள். தெருமுனையில் முத்துராமன் மறித்தார். ஒரு போட்டியாளர் இன்னொரு போட்டியாளரின் வீட்டுச் செலவைக் குறைப்பது மறைமுக மானியம். தூக்குச்சட்டி பறிமுதல் செய்யப்பட்டது. சாட்சியப் பொருள் கெட்டுப்போகும் தன்மையுடையது என்பதால் முத்துராமன் அதை அங்கேயே சாப்பிட்டு முடித்து, உப்பு சற்றுத் தூக்கல் என்றும் பதிவு செய்தார். மாயக்கண்ணன் அன்றும் கடைப் புரோட்டாதான் தின்றார். அவருடைய கால் விரலில் ஒரு புண் வந்து ஆறாமல் கிடந்தது.

“மாப்ள, நீ நடிக்கிறது எனக்கே தெரியுது, அவுகளுக்குத் தெரியாதா?” என்றார் அன்வர் சாதிக். “இப்புடியே இருந்தா இன்னும் இழுப்பாய்ங்க. நெசமாவே அடிச்சுக்கங்க. வீட்டுக்குப் போயிப் பேசித் தீத்துக்கலாம்.”

பாண்டிமுருகனுக்கும் அது சரியென்று பட்டது. மறுநாள் டீக்கடையில் முத்துராமன் காதுபட, காளீஸ்வரியின் பெட்டி ஒழுகுகிறது, அவள் கைப்பட்ட உடம்பு ஒரு ராத்திரி தாங்காது என்று சொன்னான். பச்சைப் பொய். சொல்லி முடித்தபோது நாக்கு கசந்தது. முத்துராமன் முதன்முறையாகப் புன்னகை செய்தார்.

பேச்சு கழனிவாசலுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்? இரண்டாம் நாள் பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே ஃப்ளெக்ஸ் எழுந்தது. காளீஸ்வரி கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தாள். ‘சுத்தமான பெட்டி, சுத்தமான பெண்மணி. நம்பிக்கைத் துரோகிகளிடம் ஏமாறாதீர்கள்.’ பாண்டிமுருகன் வண்டியை நிறுத்தி அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். கல்யாண போட்டோவில்கூட அவள் இப்படிச் சிரித்ததில்லை. இதுவும் நடிப்புத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வண்டியை எடுத்தான்.

அதற்குப் பிறகு போட்டி பிய்த்துக்கொண்டு கிளம்பியது. அவள் பெட்டியைச் சுற்றி சீரியல் பல்பு மாட்டினாள். அவன் ஸ்பீக்கர் வைத்துத் தேவாரம் போட்டான். அவள் ரோஜா இதழ் இலவசம் என்றாள். அவன் சங்கு ஊதுகிற ஆளையும் சேர்த்துக்கொண்டான். ஊர் ஜனமும் சும்மா இருக்கவில்லை. கேத வீட்டில் விலை பேசுவது அசிங்கம் என்று இருந்தவர்கள், நாடி அடங்கின கையோடு இரண்டு பேருக்கும் போன் போட்டு, “அந்தம்மா இம்புட்டுதேன் சொல்லுது, நீ என்ன சொல்ற?” என்று ஏலம் விடப் பழகிக்கொண்டார்கள். உடம்பு ஒரு பக்கம் கிடக்கும், மூத்த மகன் போனைக் காதில் வைத்துக்கொண்டு இன்னும் ஐம்பது குறையுமா என்று கேட்டுக்கொண்டிருப்பான்.

ஒரு நாள் குன்றக்குடிச் சாலையில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருக்கு இழுத்துக்கொண்டிருப்பதாகத் தகவல் வந்தது. இரண்டு வண்டிகளும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு போய் வாசலில் நின்றன. வாத்தியார் தலையணையில் சாய்ந்து ஹார்லிக்ஸ் குடித்துக்கொண்டிருந்தார். பாண்டிமுருகனுக்குப் பூமி பிளந்து விழுங்காதா என்றிருந்தது. வாத்தியார் தம்ளரை வைத்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ரெண்டு பேரும் வந்துட்டீகளா. நல்லதாப் போச்சு. எம் பயலுக ஏமாந்துருவாய்ங்க, நானே பேசிருறேன். யாரு கொறச்சு?”

காளீஸ்வரி துளியும் தயங்காமல் ஒரு தொகையைச் சொன்னாள். பாண்டிமுருகன் அதற்குக் கீழே போனான். அவள் இன்னும் கீழே போனாள், ரோஜா இதழையும் சேர்த்தாள். வாத்தியார் அவளுக்கே தலையசைத்தார். குறைந்த விலைக்கு முடித்த திருப்தியில் எழுந்து உட்கார்ந்தவர், அதன் பிறகு எல்லாருடைய எரிச்சலுக்கும் இடையே திடகாத்திரமாக இருந்தார். நுகர்வோர் முதன்முறையாகத் தாமே பேரத்தில் கலந்துகொண்டதாக முத்துராமன் எழுதியனுப்பினார். வாரியத்தில் அன்று கேசரி கிண்டினார்களாம்.

அந்த வெற்றியைக் கொண்டாட காரைக்குடியில் ஒரு கல்யாண மண்டபம் பிடித்து ஆண்டு விழா நடத்தினார்கள். சிமென்ட் கம்பெனிக்காரர்கள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள், விழாச் செலவு அவர்களுடையது. ஆணையர் ஆதித்தன் மைக்கைப் பிடித்தார்.

“பெரிய நிறுவனங்களை ஏன் தொடவில்லை என்று சிலர் கேட்கிறார்கள். தொட்டால் அவர்கள் நீதிமன்றம் போவார்கள். நீதிமன்றம் போனால் சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். அந்த ஆபத்தில் பொறுப்புள்ள ஓர் அமைப்பு இறங்கலாமா? எங்கே எதிர்த்தரப்புக்கு வழக்கறிஞர் இல்லையோ, அங்கேதான் சட்டம் தன் முழு அழகோடு நடமாடுகிறது. இந்த மாவட்டத்தில் இன்று வாழ்கிறவர்களுக்கு எந்தத் தேர்வும் இல்லாமல் இருக்கலாம். சிமென்டில் இல்லை, கேபிளில் இல்லை. ஆனால் இறந்தவர்களுக்கு இருக்கிறது. இரண்டு பெட்டிகள், இரண்டு விலைகள். இதை நாங்கள் செய்தோம்.”

முதல் வரிசை பலமாகக் கைதட்டியது. சிறந்த போட்டியாளர்கள் என்று இருவருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். மேடையில் சந்தித்துவிடக் கூடாது என்று அவனை வலப்பக்கப் படியிலும் அவளை இடப்பக்கப் படியிலும் ஏற்றினார்கள். பாண்டிமுருகன் ஒரு நொடி அவள் கண்ணைப் பிடித்தான். ஐயா கால் புண் முற்றிக்கொண்டே போகிறது, எப்போது வருகிறாய் என்று கண்ணாலேயே கேட்டான். அவள் அவனுடைய பொன்னாடையைப் பார்த்தாள், பிறகு தன்னுடையதைப் பார்த்தாள். எது ஒசத்தி என்று பார்ப்பது போல இருந்தது அவனுக்கு. 

மாயக்கண்ணன் மார்கழியில் ஒரு விடிகாலை போய்ச் சேர்ந்தார். புண் காலுக்கு ஏறி, காலிலிருந்து உடம்புக்கு ஏறியிருந்தது. கடைசி வாரம் முழுவதும் கஞ்சி, கஞ்சி என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். பாண்டிமுருகன் தானே காய்ச்சிக் கொடுத்தான். கட்டி தட்டியிருந்தது. ஒரு வாய் வைத்துவிட்டு, “காளீஸு எங்கடா?” என்றார்.

துபாயிலிருந்து அவருடைய தங்கை மகன் வர வேண்டும், அதுவரை உடம்பை வைத்திருக்க வேண்டும். பாண்டிமுருகன் அழுதுகொண்டே தன் பெட்டியைத் துடைத்துக் கூடத்தில் இறக்கி, ப்ளக்கைச் செருகினான். வாசலில் ஜீப் வந்து நின்றது. ரோகிணியும் முத்துராமனும் இறங்கினார்கள். வெறுங்கையோடு வரவில்லை, மாலையோடுதான் வந்தார்கள். மாலையைப் போட்டுக் கும்பிட்ட பிறகு முத்துராமன் ப்ளக்கைப் பிடுங்கினார்.

“உங்கள் துக்கத்தில் வாரியமும் பங்குகொள்கிறது” என்றார் ரோகிணி. “ஆனால் சொந்தத் தகப்பனாருக்குச் சொந்தப் பெட்டி என்பது தன்னைத் தானே முன்னிறுத்திக்கொள்ளும் செயல். விசாரிக்காமல், விலை கேட்காமல் உங்களுக்கே ஆர்டர் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும்.”

“வெளியன்னா, இன்னொரு ஆளுதேன் இருக்கு” என்றார் அன்வர் சாதிக். “அப்ப அங்க மட்டும் போட்டி எங்குட்டு இருக்கு மேடம்?”

“நல்ல கேள்வி. அடுத்த ஆண்டு ஆய்வில் சேர்த்துக்கொள்கிறோம்.”

காளீஸ்வரிக்குச் சொல்லியனுப்பினார்கள். பந்தலில் இருந்த பெண்கள் எல்லாம் எழுந்து வாசலுக்கு வந்து நின்றார்கள். மருமகள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஓடிவருவாள், கட்டிப்பிடித்து வட்டமாக உட்கார்ந்து அழ வேண்டும் என்று கையை விரித்துக் காத்திருந்தார்கள். பாண்டிமுருகனும் அதற்குத்தான் காத்திருந்தான். தகப்பன் போன துக்கத்துக்குள்ளேயே வெட்கங்கெட்ட ஓர் ஆசை, இந்தச் சாக்கிலாவது அவள் இந்தப் படியேறி வருவாள் என்று.

வண்டி வந்தது. அவள் இறங்கும்போதே முகம் கோணிக்கொண்டிருந்தது. அவிழ்ப்பதற்குக் கொண்டையில் கை வைத்தாள். அதற்குள் ரோகிணி குறுக்கே போய் நின்றார்.

“ஒரு நிமிடம். பெட்டியோடு அழுகையையும் சேர்த்துக் கொடுப்பது கட்டு விற்பனை. கூலிக்கு மாரடிக்கிற பெண்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். பெட்டி எடுத்தால் அழுகை இலவசம் என்று நீங்கள் ஆரம்பித்தால் அவர்கள் தொழில் என்னாவது?”

“எம் மாமனாரு மேடம்” என்றாள் காளீஸ்வரி.

“அதனால்தான் தரம் அதிகமாக இருக்கும். அவர்களால் உங்களோடு போட்டியிடவே முடியாது.” ரோகிணி கொஞ்சம் யோசித்தார். கல்நெஞ்சக்காரர் என்று பெயர் வாங்க அவருக்கு விருப்பமில்லை. “ஒரு வழி இருக்கிறது. அழுகையைத் தனிச் சேவையாகப் பிரித்து, அதற்கொரு விலை சொல்லுங்கள். வாங்குபவர் சம்மதித்தால் தாராளமாக அழலாம்.”

 பாண்டிமுருகன் கூடத்தில் கிடந்த தகப்பனைப் பார்த்தான். மருமகள் அழாமல் அவரை அனுப்ப முடியாது என்று அவனுக்குத் தோன்றியது. அத்தனை மாதம் கழித்துப் பெண்டாட்டியிடம் பேச அவனுக்குக் கிடைத்த முதல் வார்த்தை அப்போதுதான் வாயிலிருந்து வந்தது.

“என்ன வெலைன்னு சொல்லு. குடுத்துர்றேன்.”

காளீஸ்வரி கொண்டையிலிருந்து கையை எடுத்தாள். அவனை ஏறிட்டுப் பார்த்தாள். கோணிக்கொண்டிருந்த முகம் மெல்ல நேரானது.

“அதுக்கு வேற ஆளப் பாத்துக்கங்க” என்றாள்.

பெட்டியை இறக்கினாள். கூலியாள் ஒரு பக்கம் பிடிக்க, மாமனாரைத் தலைப்பக்கம் அவளே தாங்கி உள்ளே வைத்தாள். புண் காலில் சுற்றியிருந்த அழுக்குத் துணியைப் பிரித்து வெள்ளைத் துணி கட்டினாள். அது வாடகையில் சேராத வேலை என்று முத்துராமன் சுட்டிக்காட்டியபோது, பில்லில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னாள். பிறகு வெளியே போய் வண்டியோரம் நின்றாள். மறுநாள் துபாயிலிருந்து ஆள் வந்து உடம்பு எடுக்கும்வரை அங்கேயே நின்றாள். மாமனாருக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத கல்நெஞ்சக்காரி என்று பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பேசினார்கள். அழுவதற்கு வாரியம் சொன்ன விதிப்படி இரண்டு பேர் வெளியிலிருந்து வந்தார்கள். நன்றாகத்தான் அழுதார்கள்.

பாண்டிமுருகன் கொள்ளிவைத்துவிட்டு ஈரவேட்டியோடு திரும்பியபோது கூடம் கழுவிவிடப்பட்டிருந்தது. பெட்டியும் இல்லை, அவளும் இல்லை. கேத வீட்டிலிருந்து போகிறவர்கள் சொல்லிக்கொண்டு போகக் கூடாது என்பது முறை. அவளும் அந்த முறைப்படிதான் போயிருந்தாள்.

கருமாதி முடிந்த வாரம் வாரியத்திலிருந்து உத்தரவு வந்தது. தகப்பனார் மரணத்தின்போது இரு நிறுவனங்களுக்கும் இடையே ஒத்துழைப்போ இணக்கமோ துளியும் காணப்படவில்லை, சந்தை முழுமையாக முதிர்ந்துவிட்டது, இனி இருவரும் பேசிக்கொள்ளலாம், விரும்பினால் ஒரே வீட்டில் வசிக்கலாம். கீழே ஆணையர் தன் கையால், வாழ்த்துகள் என்று எழுதியிருந்தார்.

பாண்டிமுருகன் முகம் கழுவிக்கொண்டு போனை எடுத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நின்றுவிடும் என்று நினைத்தபோது அவள் எடுத்தாள்.

“சொல்லுங்க.”

“நாந்தேன்.”

“தெரியுது. யாரு தவறுனது?”

“யாருமில்ல, காளீஸு. வாரியத்துல தடைய எடுத்துட்டாக. இனிமே நாம…”

“இன்னொரு லைன்ல கேதக்காரவுக காத்திருக்காக” என்றாள். “யாராச்சும் தவறுனா போடுங்க. உங்களுக்குக் கொறச்சுத் தாரேன்.”